கிரித் உங்கோல் கணவாயை வரைபடத்தில் ஏறுவது: ஃபான்ஸ்டட்டின் ‘தி அட்லஸ் ஆஃப் மிடில் எர்த்’ பற்றி

ஃப்ரோடோ கிரித் உங்கோல் கணவாயைக் கடக்கவே இல்லை. மந்திர மோதிரத்தை அழிக்க எதிரியின் நாடான மோர்டோருக்குப் போகும் நாயகன் அவன்; அந்த நாட்டுக்குள் நுழையும் ரகசிய மலைவழி அது. ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்கூட இதைக் கேட்டதும் சற்று யோசிப்பார்கள். மலை உச்சியில் இருக்கும் பிளவை எட்டுவதற்குள் ஷீலாப் என்னும் ராட்சதச் சிலந்தி அவனைக் கொட்டிவிடுகிறாள். எதிரியின் படையினரான ஓர்க்குகள் அவனைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் சுரங்கத்துக்குள் இறங்கி, கோபுரத்தின் அடிவாசல் வழியாக உள்ளே கொண்டுபோய்விடுகிறார்கள். அந்தப் பிளவை நடந்து கடப்பவன் அவனுடைய தோழன் சாம் மட்டும்தான். அப்போது மோதிரமும் அவனிடம்தான் இருக்கிறது. இவ்வளவும் நாவலில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இருட்டும் நாற்றமும் பயமுமாக ஓடும் அந்தப் பக்கங்களில் இடது எது, வலது எது, மேலே எது, கீழே எது என்பது மனதில் தங்குவதில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கக் கையில் வைத்திருக்க வேண்டிய புத்தகம் கேரன் வின் ஃபான்ஸ்டட் வரைந்த ‘தி அட்லஸ் ஆஃப் மிடில் எர்த்’. மிடில் எர்த் என்பது நாவல் நடக்கும் கற்பனை உலகம். புவியியல் படித்தவர், தொழில்முறை வரைபடக் கலைஞர், அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்து 2005-ல் காலமானவர். முதல் பதிப்பு 1981-ல் வந்தது, திருத்திய பதிப்பு 1991-ல். பெர்ன், கிரின், ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் போன்ற வேறு கற்பனை உலகங்களுக்கும் அவர் அட்லஸ் போட்டிருக்கிறார். என்றாலும் அவர் பெயரை நிலைநிறுத்தியது இதுதான்.

ஏறக்குறைய ஏ4 அளவுக்குப் பெரிய பக்கங்கள். கறுப்பும் செம்பழுப்பும் கலந்த இரண்டு வண்ண அச்சு. முதல் யுகம், இரண்டாம் யுகம், மூன்றாம் யுகம் என்று காலவாரியாகத் தொடங்கி, பிறகு வட்டார வரைபடங்கள், ‘தி ஹாபிட்’, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ ஆகியவற்றின் தனித்தனி இடங்கள், கடைசியில் நிலவடிவம், தட்பவெப்பம், தாவரம், மொழிப்பரவல் போன்ற பொருள்வாரிப் படங்கள் என்று போகிறது. ஒவ்வொரு படத்தோடும் ‘ஏன் இப்படி வரைந்தேன்’ என்று அவர் எழுதிய விளக்கம் இருக்கிறது. புத்தகத்தின் பாதி மதிப்பு அந்த விளக்கங்களில்தான். படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பவர்கள் நிறைய இழக்கிறார்கள்.

கணவாய்க்கு வருவோம். நாவலோடு வரும் பெரிய வரைபடத்தில் கிரித் உங்கோலின் அமைப்பு எதுவும் தெரியாது. 1955 அக்டோபரில் வந்த மூன்றாம் தொகுதிக்காக டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் டோல்கீன், மோர்டோரையும் அதன் அண்டையில் இருக்கும் மனிதர்களின் நாடான கோண்டோரையும் மட்டும் பெரிய அளவுகோலில் வரைந்தார். அதிலும் படிக்கட்டும் சுரங்கமும் தெரிவதற்கு இடமில்லை. ஃபான்ஸ்டட் இதற்கு இரண்டு தனிப்பகுதிகள் ஒதுக்குகிறார்: ஒன்று கணவாய்க்கு ஏறும் வழி, இன்னொன்று அதன் மேல் நிற்கும் கோபுரம். மேலிருந்து பார்த்த திட்டத்தோடு பக்கவாட்டு வெட்டுத்தோற்றத்தையும் வரைவது அவர் அடிக்கடி கையாளும் முறை. கிரித் உங்கோல் உயரத்தால் ஆன இடம் என்பதால் இந்த முறை இங்கே மிகவும் பொருந்துகிறது.

படத்தைத் திறந்துவைத்து நாவலின் வரிசையை விரலால் தொடர்ந்து பாருங்கள். மோர்குல் பள்ளத்தாக்கிலிருந்து முதலில் வருவது நேர்ப்படி. இரு பக்கமும் பாறைச்சுவர், தேய்ந்து உடைந்த குறுகலான படிகள், செங்குத்தான ஏற்றம். அடுத்தது வளைப்படி, பாறைமுகத்தில் முன்னும் பின்னும் மடிந்து மடிந்து ஏறுவது. அதன் மேலே நின்று பார்த்தால்தான் பிளவும் கோபுரத்தின் சிவந்த வெளிச்சமும் முதன்முதலாகக் கண்ணில் படும். அதன்பிறகு டோரெக் உங்கோல் என்னும் சுரங்கம். அது முடிந்து வெளியே வந்தால் திறந்தவெளியில் கடைசியாக ஒரு சிறு ஏற்றம், அதன் உச்சியில் பிளவு. படி, படி, சுரங்கம், பிளவு: இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் (நாவல் மூன்று தொகுதிகள், ஆறு புத்தகங்கள்) நான்காம் புத்தகத்தின் கடைசி மூன்று அத்தியாயங்கள் வேறு மாதிரி படிக்கக் கிடைக்கும்.

சுரங்கத்துக்குள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஷீலாபின் துவாரத்தைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரிகிறது. ஃப்ரோடோவும் சாமும் முதலில் இடப்பக்கம் போய் ஒரு பெரிய கல்லில் முட்டி நிற்கிறார்கள். வழி அடைபட்டிருக்கிறது என்று நினைத்து வலப்பக்கம் திரும்புகிறார்கள்; அங்கே சிலந்தி வலை. அந்தக் கல் பாறைச்சரிவில் வந்து விழுந்ததல்ல, ஓர்க்குகள் வைத்த கதவு. அதற்கு அப்பால் போகும் பாதை மலைக்குள்ளேயே சென்று கோபுரத்தின் அடிவாசலில் முடிகிறது, அதாவது பிளவைத் தொடாமலே மோர்டோருக்குள் நுழையும் வழி. ஓர்க்குத் தலைவர்களான ஷக்ராட்டும் கோர்பாக்கும் ஃப்ரோடோவைத் தூக்கிப்போவது இதன் வழியாகத்தான். கல்லுக்கு மேலிருந்த இடைவெளியில் சாம் ஏறிக் குதித்துப் பின்தொடர்கிறான். ஆனால் பித்தளைக் கதவு அவன் முகத்துக்கு நேரே மூடிக்கொள்கிறது. இரண்டாம் தொகுதியான ‘தி டூ டவர்ஸ்’ அங்கேதான் முடிகிறது. 1954 நவம்பரில் அதைப் படித்தவர்கள் அடுத்த தொகுதிக்கு 1955 அக்டோபர் வரை காத்திருந்தார்கள்.

ஆறாம் புத்தகத்தின் தொடக்கத்தில் சாம் ஏன் திரும்பி நடக்கிறான் என்று பலருக்குப் புரிவதில்லை. கோபுரம் அவனுக்கு முன்னால்தானே இருக்கிறது? ஆம், ஆனால் அது அடிவாசல், உள்ளிருந்துதான் திறக்க முடியும். வெளிவாசலுக்குப் போக வேண்டுமானால் சுரங்கம் வழியாக வந்து, பிளவைக் கடந்து, மோர்டோர் பக்கம் இறங்கி, தென்கிழக்கு முகமாக இருக்கும் வாயிலைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். அங்கே காவலாக இரண்டு கற்சிலைகள். திட்டப்படத்தில் அடிவாசலையும் வெளிவாசலையும் ஒன்றாகப் பார்த்தவுடன் இந்தச் சுற்றுவழியின் நியாயம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கோபுரத்தின் அமைப்பும் அப்படியே. மூன்று அடுக்குகள், மலைமேல் முதுகைச் சாய்த்துக் கிழக்கே முகம் காட்டி நிற்கின்றன. எதிரியைத் தடுக்கும் கோட்டை என்றால் முகம் மேற்கே அல்லவா இருக்க வேண்டும்? சாம் அதை நேரில் பார்த்த பிறகுதான் அதன் நோக்கம் அவனுக்குப் புரிகிறது: மோர்டோருக்குள் யாரும் நுழையாமல் தடுக்க அல்ல, உள்ளே இருப்பவர்கள் வெளியே வராமல் தடுக்க. மோர்டோரின் அதிபதி சௌரானை வீழ்த்திய கடைசிக் கூட்டணிப் போருக்குப் பின் கோண்டோர்காரர்கள் கட்டிய காவல்நிலை அது. காவல் தளர்ந்து, துரோகத்தால் சௌரானின் அடிமைகளான மோதிரப்பேய்களின் தலைவன் கைக்குப் போனது. கணவாய்க்குக் கீழே இருந்த கோண்டோரின் மினாஸ் இதில் நகரம் மூன்றாம் யுகம் 2002-ல் விழுந்து மினாஸ் மோர்குல் ஆனதையும் இதோடு சேர்த்துப் படித்தால், கோண்டோர் தானே கட்டிய மலைக்காவல் எப்படித் தனக்கு எதிராகத் திரும்பியது என்பது புரியும்.

பெயர் விஷயத்தில் அட்லஸ் ஓரளவுக்குத்தான் துணைவரும். கிரித் என்றால் எல்ஃபுகள் என்னும் இனத்தாரின் சிண்டரின் மொழியில் பிளவு, உங்கோல் என்றால் சிலந்தி. ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘சிரித்’ என்று சொல்லும் பழக்கம் தமிழ் வாசகர்களிடமும் உண்டு. டோல்கீனின் எல்விய மொழிகளில் அந்த எழுத்து எங்கே வந்தாலும் ‘க’ ஒலிதான்; பின்னிணைப்பிலேயே அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். பெயரின் இரண்டு பகுதிகளையும் முதல் யுக வரைபடங்களில் தேடிப் பார்க்கலாம். எல்ஃபுகளின் நகரமான கோண்டோலின் வீழ்ந்தபோது தப்பியவர்கள் ஏறிய கிரித் தொரோனாத் அங்கே இருக்கிறது, கழுகுகளின் பிளவு. எல்ஃபு வீரன் க்ளோர்ஃபிண்டல் பால்ராக் என்னும் தீப்பூதத்தோடு மோதி விழுந்த இடம் அது. உங்கோலின் வேர் ஆதிகாலப் பெருஞ்சிலந்தியான உங்கோலியன்ட்டில் இருக்கிறது. ஷீலாப் அவளுடைய கடைசி வாரிசு. சௌரானின் பராத்தூர் கோட்டையின் முதல் கல் வைக்கப்படுவதற்கு முன்பே ஷீலாப் அந்த மலையில் குடியிருந்தாள் என்று நாவல் சொல்கிறது. அப்படியென்றால் கோண்டோரின் கட்டடக்காரர்கள் அவள் வீட்டு வாசலிலேயே கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள்.

இந்தப் பெயர் கதைக்குள் வேலை செய்யும் விதம் அருமையானது. மோர்டோரின் பிரதான நுழைவான மொரனான் வாசல் மூடியிருப்பதைக் கண்டு, வழிகாட்டியாக வந்த கோல்லம் சொல்லும் மாற்றுவழியைப் பற்றி ஃப்ரோடோ யோசிக்கும்போது, கணவாயின் பெயரைக் கதைசொல்லி வாசகருக்கு மட்டும் சொல்லிவிடுகிறார். முன்பு உடன்வந்த அரகார்ன் இருந்திருந்தால் பெயரையும் பொருளையும் சொல்லியிருப்பான், மந்திரவாதி காண்டால்ஃப் எச்சரித்திருப்பார் என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஃப்ரோடோவின் காதில் அந்தப் பெயர் விழுவது கோண்டோர் தளபதி ஃபராமிர் கோல்லத்தை விசாரிக்கும்போதுதான். கோல்லம் முதலில் இல்லையென்கிறான், அழுத்திக் கேட்டதும் ஒப்புக்கொள்கிறான். ஃபராமிருக்குப் பெயர் தெரியும், அங்கே ஏதோ பயங்கரம் குடியிருக்கிறது என்பதும் தெரியும், என்னவென்று மட்டும் தெரியாது. விடை பெயருக்குள்ளேயே இருந்தும் அந்த இடத்தில் யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஆபத்தான கணவாய்க்குப் பெயர் வைக்கும் கலையில் இதற்கு இணையான இன்னொன்றைக் கற்பனை இலக்கியத்தில் காண்பது அரிது.

அட்லஸ் காட்டுவது முடிவான நிலத்தை. இந்தப் பெயர் டோல்கீனின் கையெழுத்துப் பிரதிகளில் நகர்ந்து நகர்ந்து வந்த கதைக்கு, கிறிஸ்டோபர் டோல்கீன் 1990-ல் வெளியிட்ட ‘தி வார் ஆஃப் தி ரிங்’ தொகுதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் கிரித் உங்கோல் என்பது மோர்டோருக்குள் நுழையும் பிரதான கணவாயின் பெயராகவே இருந்தது, பிறகு மொரனான் நிற்கும் அதே இடத்தில். அந்த வாசலுக்குக் கிரித் கோர்கோர் என்ற வேறு பெயர் கிடைத்தபின், சிலந்திப் பெயர் தெற்கே நகர்ந்து மினாஸ் மோர்குலுக்கு மேலிருக்கும் ரகசிய வழியில் போய் உட்கார்ந்தது. சிலந்தியும் முதலில் ஷீலாப் அல்ல. வரைவில் அவள் பெயரே உங்கோலியன்ட். 1944 மே மாதம், தென்னாப்பிரிக்காவில் விமானப்படைப் பயிற்சியில் இருந்த மகன் கிறிஸ்டோபருக்கு எழுதிய கடிதத்தில், ஷீலாப் என்ற பெயர் எப்படி என்று டோல்கீன் கேட்டிருக்கிறார். ‘லாப்’ என்பது சிலந்திக்குரிய பழைய ஆங்கிலச் சொல், அதன் முன் ‘அவள்’ ஒட்டிக்கொண்டது.

படி, படி, சுரங்கம் என்ற வரிசையும் ஒரே மூச்சில் வந்ததல்ல. வரைவில் முதலில் படி, பிறகு சுரங்கம், பிறகு மறுபடி படி என்றுதான் இருந்தது. அதை மாற்றிச் சுரங்கத்தைக் கடைசியில் வைக்க வேண்டும் என்று டோல்கீன் தனக்கே குறிப்பு எழுதிக்கொண்டார். சரியான முடிவு. சுரங்கம் நடுவில் இருந்தால் சிலந்தியிடம் தப்பிய களைப்போடு இன்னொரு படிக்கட்டு ஏற வேண்டும், பதற்றம் அதில் கரைந்துபோகும். கடைசியில் வைத்ததால் சுரங்கவாய், பிளவு, கோபுரம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி நிற்கின்றன. தப்பித்துவிட்டோம் என்று ஃப்ரோடோ ஓடும் அந்தச் சிறு தூரத்திலேயே எல்லாம் நடந்து முடிகிறது. ஃபான்ஸ்டட்டின் படத்தில் அந்த நெருக்கத்தைப் பார்த்துவிட்டுப் பழைய வரிசையை நினைத்துப் பாருங்கள், திருத்தத்தின் பலன் தெரியும்.

பயணத்தின் தொடக்கப் பகுதியில் வரும் கரத்ரஸ் மலைக்கணவாய்ப் பக்கம் அட்லஸின் பயன் வேறு. அங்கே கணவாய் தன் சிகரத்தின் பெயரை வாங்கிக்கொண்டது. எல்ஃபுகளுக்குக் கரத்ரஸ், குள்ளர்களுக்குப் பராசின்பார், பொதுமொழியில் ரெட்ஹார்ன். எல்லாம் செங்கொம்பு என்ற ஒரே பொருள். தன் நாவலை மொழிபெயர்ப்பவர்களுக்கு டோல்கீன் எழுதிய குறிப்புகளின்படி பொதுமொழிப் பெயர்களை மொழிபெயர்க்கலாம், எல்விய, குள்ளர் பெயர்களைத் தொடக்கூடாது. நாளை யாராவது முழு நாவலையும் தமிழில் கொண்டுவந்தால் செங்கொம்பு வாசல் என்று துணிந்து எழுதலாம், கரத்ரஸை அப்படியே விட்டுவிட வேண்டும்.

இந்தக் கணவாய்க்கு நீண்ட வரலாறு உண்டு. மூன்றாம் யுகம் 1150 வாக்கில் ஸ்டூர் ஹாபிட்டுகள் இதன் வழியாகத்தான் மேற்கே வந்தார்கள். 2509-ல் ரிவெண்டெல் என்னும் எல்ஃபு இருப்பிடத்தின் தலைவன் எல்ராண்டின் மனைவி கெலெப்ரியன் இங்கே ஓர்க்குகளிடம் சிக்கிக் காயப்பட்டு, அடுத்த ஆண்டே கடல் கடந்து போய்விட்டாள். 3019 ஜனவரி 11-12-ல் மோதிரத்தோடு கிளம்பிய ஃப்ரோடோ குழுவின் ஒன்பது பேரும் பனியில் மாட்டித் திரும்பியது மூன்றாவது. இதில் அட்லஸுக்கு வேலை குறைவு, ஏனென்றால் அங்கே நடந்தது மிகச்சிறிய இடத்தில். குழுவில் ஒருவனான போரோமிர் சொன்னபடி ஆளுக்கொரு கட்டு விறகு தூக்கிப்போனதும், ஈரவிறகு பற்றாமல் காண்டால்ஃப் தன் சக்தியால் பற்றவைத்ததும், விடிவதற்குள் விறகு தீர்ந்ததும் வரைபடத்தில் வரும் விஷயங்கள் அல்ல. விடிந்தபின் போரோமிரும் அரகார்னும் பனியைப் பிளந்துகொண்டு போய்ப் பார்த்தால், வழியை அடைத்த குவியல் ஒரு சுவரளவுதான், அதற்கு அப்பால் பனி மிகக் குறைவு. படத்தில் அந்த மேடு ஒரு கோட்டுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த கணக்கை அட்லஸ் நன்றாகக் காட்டுகிறது. டிசம்பர் 25-ல் ரிவெண்டெலிலிருந்து கிளம்பி ஜனவரி 8-ல் கரத்ரஸுக்கு முன்னால் இருக்கும் ஹாலின் பகுதிக்கு வந்து சேர்கிறார்கள். காகம் பறக்கும் தூரம் 45 லீக் என்கிறார் காண்டால்ஃப். ஒரு லீக் மூன்று மைல், ஆக 135 மைல், சுமார் 217 கிலோமீட்டர். பதினான்கு நாளுக்கு அது குறைவாகத் தோன்றும். பெரும்பாலும் இரவில் நடந்து பகலில் ஒளிந்திருந்தார்கள், மலையடிவாரத்தின் மடிப்புகளில் சுற்றிச் சுற்றிப் போனார்கள் என்பதைப் படத்தோடு சேர்த்துப் பார்த்தால் கணக்கு சரியாகிவிடும். முழுப்பயணத்துக்கும் ஃபான்ஸ்டட் தேதிவாரியாகத் தூரம் போட்டிருக்கிறார்: ஃப்ரோடோவின் ஊரான ஹாபிட்டனிலிருந்து ரிவெண்டெல் 458 மைல், அங்கிருந்து லோத்லோரியன் 462, அங்கிருந்து ராரோஸ் அருவி 389, அங்கிருந்து மோதிரத்தை அழிக்க வேண்டிய டூம் மலை 470. மொத்தம் 1,779 மைல், சுமார் 2,863 கிலோமீட்டர். தினமும் நடக்கிற தூரத்தை மோர்டோர் பயணமாகக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சிக் குழுக்கள் இந்த எண்களைத்தான் பயன்படுத்துகின்றன.

குறைகள் உண்டு. டோல்கீன் அளவு சொல்லாத இடங்களிலும் கோடு போட்டாக வேண்டிய கட்டாயத்தில் ஃபான்ஸ்டட் இருந்தார். கோபுரத்தின் உள்ளறைகள், படிகளின் உயரம், சுரங்கத்தின் நீளம் ஆகியவை அவருடைய ஊகங்கள். அவர் அதை விளக்கத்தில் மறைக்கவில்லை, ஆனால் அச்சான கோட்டுக்கு ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. இணையத்தில் பலர் அவருடைய அளவுகளை டோல்கீன் சொன்னதாகவே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எண் ஒன்றை எடுத்துச் சொல்வதற்கு முன் நாவலில் அது இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இரண்டு பக்கத்துக்கும் பரவும் படங்கள் தாளட்டைப் பதிப்பில் நடுமடிப்புக்குள் போய்விடுகின்றன. புத்தகத்தை அழுத்திப் பிரித்தால் முதுகு விட்டுப்போகும். அந்தப் பக்கங்களை மட்டும் கண்ணாடித்தாளில் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் செய்த கோப்பாகப் படிப்பது வீண். செம்பழுப்பு நிறம் சாம்பலாகி, நிழலும் ஆறும் ஒன்றாகிவிடும்.

இதே 1981-ல் வந்த பார்பரா ஸ்ட்ராச்சியின் ‘ஜர்னீஸ் ஆஃப் ஃப்ரோடோ’ 51 வரைபடங்களில் பயணத்தை மட்டும் பின்தொடர்கிறது. சமஉயரக் கோடுகள் பழக்கமானவர்களுக்கு மலை அங்கே இன்னும் தெளிவாகத் தெரியும். பாதையை அத்தியாயம் அத்தியாயமாகத் தொடர ஸ்ட்ராச்சி போதும். ஒரு கணவாயின் பின்னணி, கோட்டை, முந்தைய யுகங்கள், பெயர் வேர்கள் என்று தோண்டிப் போகிறவர்களுக்கு ஃபான்ஸ்டட் வேண்டும்.

முதன்முறை பயன்படுத்துபவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கிவிழுகிறார்கள். ஒன்று, மோர்குல் கணவாயும் கிரித் உங்கோலும் ஒன்றென்று நினைப்பது. மினாஸ் மோர்குல் வழியாகப் போகும் பெருவழி முன்னது. அதற்குச் சற்று வடக்கே, மேலே ஏறும் ஒற்றையடிப்பாதை பின்னது. இரசிகர்கள் வரைந்த படங்கள் பலவற்றில் இந்தக் குழப்பம் இருக்கிறது. இரண்டு, 2003-ல் வந்த திரைப்படத்தை மனதில் வைத்துப் படத்தைத் தேடுவது. திரையில் படிக்கட்டில் சாமை ஃப்ரோடோ திருப்பி அனுப்பிவிடுகிறான். நாவலில் அப்படி எதுவும் இல்லை, இருவரும் சேர்ந்தேதான் சுரங்கத்துக்குள் நுழைகிறார்கள். திரைப்படப் பாதையை அட்லஸில் தேடினால் கிடைக்காது.

வாங்குவதானால் 1991 திருத்திய பதிப்பையே வாங்குங்கள். கிறிஸ்டோபர் டோல்கீன் அதுவரை வெளியிட்டிருந்த வரைவுத் தொகுதிகளைப் பார்த்து ஃபான்ஸ்டட் அதில் திருத்தங்கள் செய்திருக்கிறார். பழைய புத்தகக் கடையில் 1981 பதிப்பு மலிவாகக் கிடைத்தாலும் முதல் யுகப் படங்களுக்காகவாவது புதியதே மேல். நாவலை ஒருமுறைகூடப் படிக்காதவர்களுக்கு இதைப் பரிசாகக் கொடுக்க வேண்டாம், சுரங்கத்துக்குள் யார் இருக்கிறாள் என்பதைப் படத்தின் பெயரே சொல்லிவிடும். படித்து முடித்தவர்கள் நான்காம் புத்தகத்தின் எட்டாம் அத்தியாயத்தையும் ‘பாத் டு கிரித் உங்கோல்’ பக்கத்தையும் அருகருகே திறந்துவைத்துத் தொடங்கலாம். கோபுரப் பக்கத்தை ஆறாம் புத்தகத்தின் முதல் அத்தியாயத்துக்கு முன் புரட்ட வேண்டாம். அடிவாசல் மூடும்போது சாமுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாமல் இருக்கட்டும்.